முன்சக்கரம் சும்மா வரும்

வத்தலக்குண்டு என்றதும் இலக்கியம் படிப்பவர்களுக்கு ராஜம் ஐயர் நினைவுக்கு வருவார். பி.எஸ்.ராமையாவும் சி.சு.செல்லப்பாவும் கூடவே வருவார்கள். விடுதலைப் போராட்டம் படித்தவர்களுக்கு 1884ல் இங்கே பிறந்த சுப்பிரமணிய சிவா. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் பட்டறைகளைச் சொல்வார்கள். திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் போகும் நெடுஞ்சாலை, கொடைக்கானல் போகிறவர்கள் திரும்பும் வழி, மதுரை, நிலக்கோட்டைப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் கூடுகிற ஊர். கீழ்ப்பழனி மலையிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கும் வண்டிக்கு முதலில் ஒரு லேத்தும், ஒரு வெல்டிங் கடையும், ஜீப்பின் அடிவயிறு தெரிந்த ஒரு மெக்கானிக்கும் கிடைக்கிற இடம் இதுதான்.

பெரும்பாறைக்கு மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரின் பழைய ஜீப் அப்படித்தான் இறங்கி வந்திருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன் டிபரன்சியலில் கிரவுன் பல் உடைந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முன் அச்சின் நடுவிலிருந்த உருண்டை திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எடுத்த சாமான்கள் பக்கத்தில் ஒரு தகரத் தட்டில், டீசலில் ஊறிக்கொண்டிருந்தன. கார்த்திகை மாதம், காப்பிப் பழம் சிவந்துவிட்டது, தோட்டத்துக்கு வண்டி இல்லாமல் முடியாது. கிரவுன்-பினியன் செட் வெளியூரிலிருந்து வர வேண்டும்.

"செட்டு வந்ததும் மாட்டிக்கலாம்ணே. அதுவரைக்கும் வண்டியை எடுத்துட்டுப் போங்க. முன்சக்கரம் சும்மா வரும்" என்றார் மெக்கானிக்.

நண்பர் என்னைப் பார்த்தார். டிரைவர் அண்ணன் மலையிலேயே ஜீப் ஓட்டிப் பழுத்தவர். அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நீங்களே ஓட்டுங்க தம்பி. நான் சொல்றேன்."

முன் டிபரன்சியல் இல்லாத வண்டி எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் அடியில் படுத்துப் பார்த்துவிடலாம். ஜீப்பில் கியர் பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு புரப்பல்லர் ஷாஃப்ட், முன் அச்சுக்கு ஒன்று. முன்னால் போகும் ஷாஃப்ட் ஒரு சின்னப் பினியனைச் சுழற்றும். பினியன் பெரிய கிரவுனைச் சுழற்றும். கிரவுனுக்குள் இருக்கும் குட்டிப் பல்சக்கரங்கள் சக்தியை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட, உள்சக்கரம் குறைவாக ஓட வழிவிடுவது அந்தக் குட்டிச் சக்கரங்கள்தான்.

முக்கியமான சங்கதி சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. இந்த ஜீப்பில் முன்சக்கரத்தைத் தாங்குவது அச்சு ஷாஃப்ட் அல்ல. ஹப் தனியாக, பேரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் அதன் நடுத்துளை வழியாக வந்து, வெளியே ஆறு போல்ட் போட்ட தகட்டால் ஹப்போடு கைகோத்துக்கொள்கிறது. போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவிவிட்டால் சக்கரம் விழாது. ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் ஒரு குறையும் வராது. பின் அச்சில் இந்த வேலை நடக்காது. அங்கே ஷாஃப்ட்டேதான் சக்கரத்தைத் தாங்குகிறது. அதனால்தான் முன் டிபரன்சியலைப் பட்டறையில் விட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துப் போக முடிகிறது. பின் டிபரன்சியல் போனால் வண்டியும் பட்டறையில்தான்.

சிலர் முன் புரப்பல்லர் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது பாதிக் கிணறு தாண்டுகிற வேலை. சாலையில் உருளும் முன்சக்கரம் அச்சு ஷாஃப்ட்டைச் சுழற்றும். அது கிரவுனைச் சுழற்றும். உடைந்த பல் துண்டு எண்ணெயில் கிடந்து நல்ல பல்லையும் மென்றுவிடும். நல்ல மெக்கானிக் ஷாஃப்ட்டுகளையும் உருவி, ஹப்பின் வாயில் தூசியும் தண்ணீரும் புகாமல் மூடி போட்டு அனுப்புவார். இவர் போட்டிருந்தது ஏதோ ஒரு டப்பாவின் தகரத்தை வெட்டிச் செய்த மூடி. பிரமாதமாகப் பொருந்தியிருந்தது. அமெரிக்காவில் 1948லேயே வார்ன் என்பவர் ஹப்பைக் கையால் திருகி அச்சிலிருந்து விடுவிக்கிற பூட்டு ஒன்றை ஜீப்புகளுக்குச் செய்து விற்க ஆரம்பித்தார். அந்தப் பூட்டு இருக்கிற வண்டிக்காரர்கள் கீழே இறங்கி இரண்டு திருகு திருகினால் போதும். நண்பரின் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஊரைத் தாண்டிப் பட்டிவீரன்பட்டிச் சாலையில் திரும்பியதும் ஸ்டியரிங் லேசாக இருப்பது தெரிந்தது. முன்னால் வெட்டியாகச் சுழன்றுகொண்டிருந்த இரும்பெல்லாம் இறங்கிவிட்டது அல்லவா. எப்போதும் தரையடியிலிருந்து வரும் அந்த உறுமலும் பாதியாகக் குறைந்திருந்தது. "இப்படியே வச்சுக்கலாம் போலருக்கே" என்றேன். டிரைவர் அண்ணன் பதில் சொல்லவில்லை.

பட்டிவீரன்பட்டி காப்பிக்காரர்களின் ஊர். மலையிலிருந்து இறங்கும் காப்பியைக் காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கிற வேலை இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் இந்த ஊர்க்காரர், காப்பித் தோட்டக்காரர், சுயமரியாதை இயக்கத்தின் பெரிய தூண். சென்னையில் பாண்டி பஜார் என்று நாம் புடவை வாங்கப் போகிற இடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிபோகும் என்று உத்தரவு போட்டவர். பஸ் என்ற ஒன்று நம் ஊர்களுக்கு வந்தபோது, அதில் யார் ஏறலாம் என்பதும் சண்டை போட்டு வாங்க வேண்டியதாக இருந்தது. மலைச்சாலை ஜீப்புகளில் இன்று முதலாளியும் கூலியும் ஒரே பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து போவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த உத்தரவு ஞாபகம் வரும்.

அய்யம்பாளையத்தில் தென்னை. எங்கு பார்த்தாலும் தென்னை. சித்தரேவு தாண்டியதும் மலை ஆரம்பம்.

கொடைக்கானலுக்கு வண்டி போகிற பாதை 1916ல் திறக்கப்பட்ட லாஸ் காட் சாலை. அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏறினார்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் காட்ரோட்டில் திரும்பி அந்த வழியில் போய்விடுகிறார்கள். பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழி தோட்டக்காரர்களின் வழி. ஊத்து என்ற இடத்தில் போய்ப் பெரிய சாலையோடு சேரும். தார்ச்சாலைதான், ஆனால் ஒடுக்கம். மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நிற்பது இங்கே செய்தியே இல்லை. யானை நடமாட்டம் உண்டு. சாயங்காலத்துக்குமேல் டிரைவர்கள் வளைவுக்கு முன்னால் ஹாரனை விட்டுவிட்டு, இன்ஜின் சத்தத்தைத் தாண்டி வேறு ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள்.

ஏற்றத்தில் எனக்கு ஆச்சரியம்தான். முன்சக்கரம் இழுக்கவில்லை என்பதே தெரியவில்லை. பின்னால் உர மூட்டையும், டீசல் கேனும், ஏழெட்டுத் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் தண்ணீராகத் திரும்பியது. உண்மையில் தார்ச்சாலையில் இப்படித்தான் போக வேண்டும். மேடு ஏறும்போது வண்டியின் எடை பின்னால் சாய்கிறது, இழுக்கிற சக்கரமும் பின்னால், மூட்டையும் பின்னால். முன்னால் இருக்கிற இரண்டு சக்கரம் வழி காட்டினால் போதும்.

தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில்தான் முதல் சோதனை. முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அதன் நிழலில் காப்பிச்செடி. செடிகளுக்கு நடுவே செம்மண் சேறு. வழக்கமாக இந்த இடத்தில் ஃபோர் வீல் போட்டு, லோ கியர் தள்ளி, ஆக்சிலேட்டரை மிதிக்காமலேயே ஊர்ந்துவிடுவார்கள். நான் கியர் பாக்ஸ் பக்கத்து இரண்டு குட்டி லிவர்களைப் பார்த்தேன்.

"முன் லிவரைப் போடுங்க."

"அங்கதான் ஒண்ணும் இல்லையே அண்ணே?"

"போடுங்க. அப்பத்தான் லோ விழும்."

இதை எந்தப் புத்தகத்தைவிடவும் நன்றாக அவர் விளக்கினார். அமெரிக்க ராணுவ ஜீப்பின் வழியில் வந்த ஸ்பைசர் 18 வகை டிரான்ஸ்பர் கேஸில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. முன் இழுவை சேர்ந்தால்தான் லோ கியர் விழும். லோ கியரில் சக்கரத்துக்குப் போகிற முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். அதை இரண்டு அச்சும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, உள்ளே ஒரு சின்னத் துண்டு இரும்பு இரண்டு லிவர்களுக்கும் நடுவில் காவல் நிற்கிறது. இப்போது முன் ஷாஃப்ட் பட்டறையில் கிடப்பது அந்த இரும்புத் துண்டுக்குத் தெரியாது. முன் லிவரைப் போட்டால் கதவு திறந்துவிடும், லோ விழும், அத்தனை விசையும் பின் அச்சு ஒன்றின் தலையில் இறங்கும்.

"இதுல வேகமா மிதிச்சா பின் கிரவுனும் போயிரும் தம்பி. அப்புறம் வண்டி பொங்கலை இங்கதான் கொண்டாடும். கிளட்ச்சைப் பட்டுனு விடாதீங்க. சக்கரம் சும்மா சுத்துனா உடனே காலை எடுங்க."

பெண்கள் இறங்கி நடந்தார்கள். இறங்கச் சொல்லவே இல்லை, அவர்களே இறங்கினார்கள். இறங்கியது பின் எடையைக் குறைத்து எனக்குக் கெடுதல்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லி அவர்களைத் திரும்ப ஏற்றுகிற தைரியம் எனக்கில்லை. ஒரு இடத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. டிரைவர் அண்ணன் இறங்கிக் கவாத்து வெட்டிய காப்பிக் குச்சிகளைக் கொண்டுவந்து சேற்றில் பரப்பினார். காப்பிக் கட்டை கெட்டி, நசுங்கவில்லை. வண்டி ஏறிவிட்டது.

இரவு தோட்டத்து வீட்டில் பேச்சு முழுக்க அந்த உடைந்த பல்லைப் பற்றித்தான். ஏன் உடைந்தது? நண்பர் சேற்றைச் சொன்னார், பாறையைச் சொன்னார், பழைய சாமான் என்றார். டிரைவர் அண்ணன் அடுப்படியிலிருந்தே, "தாருதான் உடைச்சது" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த மாதிரி ஜீப்பில் முன் அச்சுக்குள் ஒரு டிபரன்சியல், பின் அச்சுக்குள் ஒரு டிபரன்சியல் உண்டு. இரண்டுக்கும் நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் வரைகிற வட்டம் பெரிது, பின்சக்கரங்கள் வரைகிற வட்டம் சின்னது. ஃபோர் வீல் போட்டிருக்கும்போது முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே கணக்கில்தான் சுழல முடியும். சேற்றில் இது பிரச்சினை இல்லை. ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும். தாரில் வழுக்காது. வித்தியாசம் அத்தனையும் ஷாஃப்ட்டிலும் பல்லிலும் முறுக்காக ஏறிக்கொண்டே போகும். கொண்டை ஊசி வளைவில் இது உச்சம். தோட்டத்துப் பாதையிலிருந்து தாரில் ஏறிய பிறகு லிவரை எடுக்க மறந்து சித்தரேவு வரை இறங்குகிறவர்கள் உண்டு. ஸ்டியரிங் கல்லாகிவிடும், லிவரை எடுக்கப் பார்த்தாலும் வராது, முறுக்கு அப்படிப் பிடித்திருக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் இளகும். பழைய டிரைவர்களுக்கு இது கைப்பழக்கம். காப்பி சீசனில் அவசரத்துக்கு வருகிற மாற்று டிரைவர்களிடம் யார் இதைச் சொல்கிறார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. ஓடைக்குள் இறங்கினால் சூடான அச்சு சட்டென்று குளிர்ந்து, மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால் விட்ட காப்பி நிறமாகும். அந்த எண்ணெயால் பல்லைக் காப்பாற்ற முடியாது. பட்டறைத் தட்டில் கிடந்த கிரவுனின் பற்களில், உடையாத பக்கத்திலும் துருப்புள்ளிகள் இருந்ததை நானே பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இந்த மலைகளுக்கெல்லாம் ஜீப் வந்தது. ராணுவம் ஏலம் விட்டதைத் தோட்டக்காரர்கள் வாங்கினார்கள்; 1940களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்த பிறகு ஊருக்கு ஊர் பரவியது. இன்றும் தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு, 7,000 அடிக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்தின் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக வேண்டும். அங்கே ஓட்டுகிறவர்களிடம் முன் டிபரன்சியல் இல்லாமல் ஏறுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். முறைப்பார்கள். தாண்டிக்குடிப் பக்கம் சாலை தார் என்பதால்தான் எங்கள் கூத்து நடந்தது.

இறங்கும் நாளில் தூறல். காப்பி மூட்டைகள் ஏறின. டிரைவர் அண்ணன் மூட்டைகளைத் தானே நின்று அடுக்கினார். கேபினை ஒட்டி ஒன்றும் வைக்க விடவில்லை, எல்லாம் பின்சக்கரத்துக்கு மேலே. ஏன் என்பது தோட்டத்து வாசலைத் தாண்டி முதல் சரிவில் தெரிந்தது. லோவில் முதல் கியரைப் போட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நான்கு சக்கரமும் சேர்ந்திருந்தால் அது பாதுகாப்பான வழி. இப்போது இன்ஜின் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். இறக்கத்தில் வண்டியின் எடை முன்னால் போய்விட்டது, பின்பக்கம் லேசாகிவிட்டது. லேசான சக்கரத்தை இன்ஜின் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, அடியில் ஈரச் செம்மண். பின்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக, இடதுபுறம் விலக ஆரம்பித்தது. இடதுபுறம் பள்ளம்.

"பிரேக் வேணாம். லேசா ஆக்சிலேட்டர் குடுங்க" என்றார் அவர், சாதாரணக் குரலில்.

இறக்கத்தில் வழுக்கும்போது ஆக்சிலேட்டரா என்று உடம்பே எதிர்த்தது. கொடுத்தேன். பின்சக்கரங்கள் சாலையின் வேகத்துக்கு வந்தன, பிடி கிடைத்தது, வண்டி நேரானது. மீதிச் சரிவை லோவை எடுத்துவிட்டு, சாதாரண முதல் கியரில், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்கினேன். முன்சக்கரத்து பிரேக் நன்றாக இருந்ததால் பிழைத்தது. எடை இருக்கிற இடத்தில் பிடிமானம் இருக்கும். இறக்கத்தில் எடை முன்னால் இருக்கிறது. அப்போது முன் அச்சுக்கும் இன்ஜினுக்கும் தொடர்பில்லை என்பதுதான் கோளாறு.

ஃபோர் வீல் என்றால் ஏறுவதற்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். விளம்பரங்களில் வண்டி மேட்டில்தான் ஏறும். இறங்குவதை யாரும் படம் எடுப்பதில்லை. மலைத்தோட்டத்துக்கு அது வேண்டியிருப்பது பெரும்பாலும் இறங்கத்தான். ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் வண்டி நிற்கும், குச்சி வெட்டிப் போடலாம், ஆள் தள்ளலாம். இறக்கத்தில் மாட்டிக்கொண்டால் நிற்பதில்லை.

வத்தலக்குண்டு பட்டறைக்குத் திரும்பியபோது செட் வந்திருந்தது. கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வரும். ஒன்றோடு ஒன்று உரசிப் பழக்கப்படுத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். உடைந்தது கிரவுன் மட்டும்தானே என்று சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய கிரவுன் ஒன்றை வாங்கிப் பூட்டினால் சத்தமும் போகாது, பல்லும் நிற்காது. மெக்கானிக் முதலில் பல்லை எண்ணினார். பழைய வில்லிஸ் கணக்கில் பினியனுக்கு 8, கிரவுனுக்கு 43. பின் அச்சில் இருப்பதும் அதே கணக்கா என்று புரப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். 39 பல் கிரவுனும் புழக்கத்தில் உண்டு. தெரியாமல் அதை முன்னால் போட்டுவிட்டால் முன் அச்சு ஒரு வேகத்திலும் பின் அச்சு ஒரு வேகத்திலும் ஓடப் பார்க்கும். ஃபோர் வீல் போட்ட முதல் நாளே மறுபடி பட்டறைதான்.

பிறகு பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றினார். கிரவுன் பல்லின் மேல் நீலம் அழிந்த இடம் ஓரத்தில் இருந்தது. கழற்றி, காகிதம்போல் மெலிந்த ஷிம் ஒன்றைச் சேர்த்து, திரும்பப் பூட்டினார். மறுபடி சாயம். இந்தத் தடவை அழிந்த இடம் பல்லின் நடுவே வந்து நின்றது. பையன் ஒருவன் 90 நம்பர் எண்ணெயை ஊற்ற, துளையிலிருந்து வழிய ஆரம்பித்ததும் மூடியை முடுக்கினான்.

மலையில் இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. முன் டிபரன்சியல் பட்டறையில் இருந்தால் வண்டியை எடுங்கள், தாராளமாக எடுங்கள். தார்ச்சாலையில் சரக்கை ஏற்றி இறக்கலாம். மழை பெய்த மண்பாதைச் சரிவில் மட்டும் இறக்காதீர்கள், ஒருநாள் மூட்டை காத்திருக்கட்டும். செட் மாட்டிய பிறகு, மண்பாதை முடிந்து தார் ஆரம்பிக்கிற இடத்திலேயே லிவரை எடுத்துவிடுங்கள். மாற்று டிரைவரிடமும் சாவி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஓடை தாண்டிய வாரம் டிபரன்சியல் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். அதற்கு ஒரு மூடியைக் கழற்றினால் போதும், பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.